மலிவு விலை டிராக்கர்: எந்த வண்டிக்கு எது சரி?

சங்ககிரி, நாமக்கல் வட்டாரத்தில் மூன்று நான்கு லாரிகளை வைத்துத் தொழில் செய்பவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது, "எந்த ஜி.பி.எஸ். போடலாம்?" என்பதுதான். உடனே ஒரு கம்பெனியின் பெயரைச் சொல்லிவிடலாம். ஆனால் அப்படிப் பெயரை மட்டும் கேட்டு வாங்கிய கருவிகள் பல, முதல் ஆண்டுச் சந்தா முடிந்ததும் டேஷ்போர்டுக்குள் உயிரற்றுக் கிடப்பதை நான் பார்த்திருக்கிறேன். ஆகவே பெயரைச் சொல்லாமல், ஒரு வண்டிக்கு எந்த வகை பொருந்தும் என்பதை எப்படித் தீர்மானிப்பது என்று இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். வண்டி எங்கே நிற்கிறது என்று தெரிய வேண்டியது ஓனருக்கு. எந்த வழியில் போவது என்று தெரிய வேண்டியது டிரைவருக்கு. வண்டி இருக்கும் இடத்தை ஓனருக்குக் காட்டும் டிராக்கர், டிரைவருக்கு வழி சொல்லாது. வழிகாட்டும் செயலி தானாக ஓனருக்குத் தகவல் அனுப்பாது. இரண்டையும் "ஜி.பி.எஸ்." என்ற ஒரே பெயரால் அழைப்பதால், ஒன்றை வாங்கிவிட்டு மற்றொன்றின் வேலையை அதனிடம் எதிர்பார்க்கிறோம்.

இரண்டாவது குழப்பம் துல்லியத்தைப் பற்றியது. விலை கூடிய கருவி இடத்தை இன்னும் சரியாகக் காட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். செயற்கைக்கோள் சிக்னல் எல்லோருக்கும் இலவசம். அமெரிக்க அரசு பொதுமக்களுக்கான சிக்னலில் வேண்டுமென்றே கலந்துவந்த பிழையை 2000 மே மாதத்திலேயே நீக்கிவிட்டது. திறந்த வெளியில் ஒரு சாதாரணக் கைபேசியே ஏறத்தாழ 5 மீட்டருக்குள் இடத்தைச் சொல்லிவிடும். 1,500 ரூபாய்க் கருவிக்கும் 8,000 ரூபாய்க் கருவிக்கும் உள்ள வேறுபாடு வானத்தில் இல்லை; சிம், பேட்டரி, ஒயர் இணைப்பு, கருவி அனுப்பும் தகவலை வாங்கிச் சேமிக்கும் சர்வர் ஆகிய நான்கில்தான் இருக்கிறது. மலிவு விலைக் கருவி கைவிடுவதும் இந்த நான்கில் ஏதோ ஒன்றில்தான்.

## எதை வைத்து ஒப்பிடுவது

யார் பார்க்கப்போகிறார்கள், எத்தனை முறை? ஒரு நாளில் இரண்டு முறை பார்ப்பவருக்கும், பள்ளி வேன் தெருமுனைக்கு வந்துவிட்டதா என்று காலையில் நாற்பது பெற்றோர் பார்ப்பதற்கும் தேவை வேறு. பார்க்க ஆளில்லாத டிராக்கர் எவ்வளவு மலிவாக இருந்தாலும் வீண் செலவுதான்.

சிக்னல் அறுந்தால் என்ன ஆகும்? சத்தியமங்கலத்திலிருந்து திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி ஆசனூர் வழியாகச் செல்லும் வண்டி, காட்டுக்குள் செல்போன் சிக்னல் கிடைக்காத பகுதிகளைக் கடக்க வேண்டியிருக்கும். செயற்கைக்கோள் அங்கும் தெரியும். தகவலை அனுப்பத்தான் வழியிருக்காது. அந்த நேரத்துப் பதிவுகளைக் கருவி சேமித்து வைத்துப் பிறகு அனுப்புகிறதா, தொலைத்துவிடுகிறதா என்பது முக்கியம்.

ஒயரைப் பிடுங்கினால்? பேட்டரி இணைப்பு அறுந்த பிறகும் சில மணி நேரமாவது உயிரோடு இருந்து, "இணைப்பு அறுந்தது" என்ற செய்தியை அனுப்ப வேண்டும்.

மூன்று ஆண்டுக்கு எவ்வளவு? பெட்டியின் விலையை மட்டும் பார்ப்பது, லாரியின் விலையைப் பார்த்துவிட்டு டயர் விலையை மறப்பதற்குச் சமம். கருவி, பொருத்துக்கூலி, சந்தா, சிம் நான்கையும் கூட்டி மூன்று ஆண்டுக்குக் கணக்குப் போட வேண்டும்.

சிம் யார் பெயரில், பதிவுகள் யார் கையில்? விற்பவரை மாற்ற நினைக்கும் நாளில்தான் இந்தக் கேள்வியின் எடை தெரியும்.

இவற்றோடு, சட்டம் ஒரு குறிப்பிட்ட கருவியைக் கட்டாயமாக்கியிருக்கிறதா என்பதையும், டிரைவருக்குச் சொல்லிவிட்டுப் பொருத்துகிறோமா என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒளித்துவைத்த கருவியை டிரைவர் கண்டுபிடிக்கும் நாளில் கருவியும் போகும், பல நேரங்களில் டிரைவரும் போய்விடுவார்.

## டோல் எஸ்.எம்.எஸ்.

இதை யாரும் டிராக்கராக எண்ணுவதில்லை. 2021 பிப்ரவரியில் தேசிய நெடுஞ்சாலைச் சுங்கச்சாவடிகளில் ஃபாஸ்டேக் கட்டாயமானதிலிருந்து, ஒவ்வொரு சாவடியைக் கடக்கும்போதும் ஓனரின் கைபேசிக்குச் சாவடியின் பெயரும் நேரமும் வந்துகொண்டிருக்கின்றன. சங்ககிரியிலிருந்து பெங்களூருக்குச் செல்லும் வண்டி வைகுந்தம், ஓமலூர், பாளையம், கிருஷ்ணகிரி, அத்திப்பள்ளி என்று வரிசையாக மணி அடித்துக்கொண்டே போகும். இரண்டு சாவடிகளுக்கு நடுவே வழக்கமாக ஆகும் நேரத்தை ஒரு நோட்டில் எழுதி வைத்திருப்பவர், வண்டி எங்கே அதிக நேரம் நின்றது என்பதை எஸ்.எம்.எஸ்.ஸைப் பார்த்தே சொல்லிவிடுவார்.

ஒரே நெடுஞ்சாலையில் திரும்பத் திரும்ப ஓடும் ஒன்றிரண்டு வண்டிகளுக்கு இதுவும் ஒரு போன் காலும் போதும் என்பது என் கருத்து. ஊர்ச் சாலைகளில் ஓடும் டிப்பருக்கும், பால் வண்டிக்கும், பள்ளி வேனுக்கும் இது பயன்படாது. வண்டி களவு போனாலும் பயன்படாது. திருடுபவர் டோல் சாலையில் போவார் என்று நம்புவதற்கில்லை.

## டிரைவரின் கைபேசி

செலவே இல்லாத வழி என்று பலர் தொடங்குவது இதில்தான். வாட்ஸ்அப்பில் நேரடி இருப்பிடத்தை 15 நிமிடம், 1 மணி நேரம், 8 மணி நேரம் என்று மூன்று அளவுகளில் மட்டுமே பகிர முடியும். எட்டு மணி நேரம் முடிந்ததும் டிரைவரை அழைத்து மறுபடியும் போடச் சொல்ல வேண்டும், அவர் அப்போது தூங்கிக்கொண்டிருப்பார். கூகுள் மேப்ஸில் "நான் நிறுத்தும்வரை" என்று பகிரும் வசதி உண்டு. கைபேசியையே டிராக்கராக மாற்றும் இலவசச் செயலிகளும் இருக்கின்றன.

மூன்றுக்கும் பொதுவான எதிரி கைபேசியின் பேட்டரிச் சேமிப்பு அமைப்பு. பல ஆண்ட்ராய்டு கைபேசிகள், திரை அணைந்த சிறிது நேரத்தில் பின்னணியில் ஓடும் செயலிகளை நிறுத்திவிடுகின்றன. திரையில் வண்டி ஒரு டீக்கடை வாசலில் இரண்டு மணி நேரம் நிற்பதாகத் தெரியும். உண்மையில் அது நூறு கிலோமீட்டர் தாண்டியிருக்கும். அந்தச் செயலிக்குப் பேட்டரிக் கட்டுப்பாட்டை நீக்கி, இருப்பிட அனுமதியை "எப்போதும்" என்று மாற்றினால் ஓரளவு சரியாகும்.

மறைந்த செலவு வேறிடத்தில் இருக்கிறது. கைபேசி டிரைவருடையது; வண்டியை நிறுத்திவிட்டு அவர் வீட்டுக்குப் போன பிறகும் அது அவரைத்தான் காட்டும். அது அவருடைய தனிவாழ்க்கை, ஓனருக்கு அதில் வேலையில்லை. ஆக்டிங் டிரைவர் ஏறும் நாளில் எல்லாவற்றையும் புதிதாகத் தொடங்க வேண்டும். வெளியிலிருந்து ஒரு நடைக்கு மட்டும் எடுக்கும் வண்டிக்கு, அதன் ஓனர் வேறொருவராக இருக்கும்போது, இதைவிடப் பொருத்தமான வழி கிடையாது. சொந்த வண்டிகளுக்கு இதை நிரந்தர ஏற்பாடாக வைத்துக்கொள்ள வேண்டாம்.

## ஒயர் டிராக்கர்

தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிய கருவி. வண்டியின் பேட்டரியிலிருந்து மின்சாரம் எடுக்கும். உள்ளே சிறு பேட்டரியும் சிம்மும் இருக்கும். சந்தையில் 1,500 முதல் 3,000 ரூபாய்க்குள் கிடைக்கிறது. முதல் ஆண்டுச் சந்தா பெரும்பாலும் அதிலேயே அடங்கிவிடும். சிறு ஓனர்களில் பெரும்பாலானோர் வந்து நிற்கும் இடம் இதுதான் என்பதால் இதைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும்.

ஒயர். பல மாடல்களில் நான்கு ஒயர்கள் வரும்: சிவப்பு பேட்டரிக்கு, கறுப்பு எர்த்துக்கு, ஆரஞ்சு இக்னிஷனுக்கு (சாவியைப் போட்டால் மட்டும் மின்சாரம் வரும் இணைப்பு), மஞ்சள் ரிலேவுக்கு (இன்ஜினை நிறுத்தும் ஸ்விட்ச்). கருவி நல்லதா கெட்டதா என்பதைவிட இந்த ஆரஞ்சு ஒயர் எங்கே போய்ச் சேர்ந்தது என்பது பெரிய விஷயம். என் பொறுப்பில் இருந்த ஒரு வண்டி ஓசூரில் லோடு இறக்கக் காத்திருந்த மூன்று இரவுகளும், விடிய விடிய "இக்னிஷன் ஆன்" என்றே திரையில் தெரிந்தது. டிரைவர் இன்ஜினை ஓடவிட்டு டீசலை எரித்துவிட்டார் என்று முடிவுகட்டி அவருடைய பேட்டாவில் பிடித்தமும் செய்தாகிவிட்டது. அவர் சண்டை போடவில்லை. "பேனலைக் கழற்றிப் பாருங்கள் சார்" என்று மட்டும் சொன்னார். கழற்றிப் பார்த்தால், ஆரஞ்சு ஒயரும் சிவப்பு ஒயரும் ஒரே முறுக்கில், ஒரே கறுப்பு டேப்புக்குள் இருந்தன. பேட்டரியில் மின்சாரம் இருக்கும் வரை கருவிக்கு இன்ஜின் ஓடுவதாகத்தான் தெரியும். பிடித்த பணத்தைத் திருப்பிக் கொடுத்தோம். அந்த மூன்று நாளின் பேச்சைத் திருப்பி எடுக்க முடியவில்லை.

ரிலே. கைபேசியிலிருந்தே இன்ஜினை நிறுத்தலாம் என்பது விற்பவர்கள் முதலில் காட்டும் வித்தை. ஓடும் லாரியில் இன்ஜின் நின்றால் பவர் ஸ்டியரிங் போகும்; ஏர் பிரேக்குக்குக் காற்று ஏற்றும் கம்ப்ரஸரும் நின்றுவிடும். தொப்பூர் கணவாயின் இறக்கத்தில் அது நடந்தால் என்ன ஆகும் என்பதை விவரிக்கத் தேவையில்லை. வேகம் மணிக்கு 20 கிலோமீட்டருக்குக் கீழே வந்த பிறகே கட்டளையை நிறைவேற்றும் கருவிகள் உண்டு. அந்தப் பாதுகாப்பு இல்லாத கருவியில் மஞ்சள் ஒயரை இணைக்காமலே விட்டுவிடுங்கள். தவணை கட்டாத வண்டியைப் பிடிக்க நினைக்கும் ஃபைனான்ஸ்காரருக்கு இந்த ஆலோசனை பிடிக்காது. எனினும் நான் இதில் உறுதியாக இருக்கிறேன்.

சிம். மலிவுக் கருவிகளில் பெரும்பாலானவை 2ஜி நெட்வொர்க்கை மட்டுமே அறியும். ஜியோவிடம் 2ஜி கிடையாது. ஆகவே வீட்டில் சும்மா கிடக்கும் ஜியோ சிம்மை இதில் போட்டால் வேலை செய்யாது. 2ஜி சேவையை மற்ற நிறுவனங்கள் எத்தனை காலம் தரும் என்பதை நாம் தீர்மானிக்க முடியாது. ஐந்தாறு ஆண்டு வைத்திருக்கும் எண்ணத்தோடு வாங்கும் புதுவண்டிக்கு, ஆயிரம் ரூபாய் கூடினாலும் 4ஜி கருவியே சரி. பத்தாண்டு ஓடிய வண்டிக்கு 2ஜி போதும்.

டேட்டாவுக்கு அதிகம் செலவாகும் என்ற பயம் தேவையற்றது. ஓர் இருப்பிடச் செய்தி, மேலுறையெல்லாம் சேர்த்து, 150 பைட் என்று வைத்துக்கொள்வோம். பத்து விநாடிக்கு ஒன்று வீதம் நாளுக்குப் பத்து மணி நேரம் ஓடினால் 3,600 செய்திகள். நாளுக்கு அரை எம்.பி.யைச் சற்றுத் தாண்டும், மாதத்துக்கு 16 எம்.பி. ஆகும். ஒரு சினிமாப் பாட்டின் வீடியோ இதைவிட அதிகம் குடிக்கும். நாம் பணம் கட்டுவது டேட்டாவுக்கு அல்ல, சிம் உயிரோடு இருப்பதற்கு. சாதாரண பிரீபெய்டு சிம்மை 28 நாளுக்கு ஒருமுறை ஏறத்தாழ 200 ரூபாய்க்கு ரீசார்ஜ் செய்தால் ஆண்டுக்கு 13 முறை, 2,600 ரூபாய். கருவியின் விலையே அதைவிடக் குறைவாக இருக்கலாம்! இதனால்தான் விற்பவர்கள், கருவிகளுக்கென்றே தரப்படும் 13 இலக்க எண் கொண்ட எம்2எம் சிம்மை மொத்தமாக வாங்கிப் போடுகிறார்கள். அது மலிவு; ஆனால் அவர்கள் பெயரில் இருக்கும். அவர்களோடு கணக்கு முடித்தால் சிம்மும் முடிந்துபோகும்.

அலைச்சல். தகரக் கொட்டகைக்குள் நிற்கும் வண்டி இரவில் நூறு மீட்டர் அங்கும் இங்கும் நகர்வதுபோலத் திரையில் தெரியலாம். செயற்கைக்கோள் சிக்னல் கூரையிலும் சுவரிலும் மோதி வருவதால் ஏற்படும் இந்தப் பொய் அசைவை, இக்னிஷன் அணைந்திருக்கும்போது கணக்கில் சேர்க்காதபடி அமைக்க வேண்டும். இல்லாவிட்டால் நிற்கும் வண்டிக்கும் கிலோமீட்டர் ஏறும். டிராக்கரின் கிலோமீட்டரை வைத்து மைலேஜ் பேசுபவர்கள், ஒரு மாதமாவது வண்டியின் ஓடோமீட்டரோடு அதை ஒப்பிட்ட பிறகு பேசுவது நல்லது.

## ஓ.பி.டி. பிளக்

காரின் ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் ஓ.பி.டி. என்ற பரிசோதனை சாக்கெட்டில் இந்த டிராக்கரைச் செருகினால் போதும். ஒயரை வெட்ட வேண்டாம், வாரண்டிக்குப் பெரும்பாலும் சிக்கல் வராது. கால் டாக்ஸியாக ஓடும் காருக்கும், குத்தகைக்கு எடுத்த காருக்கும் நல்ல தேர்வு. சில கருவிகள் இன்ஜின் பழுதுக் குறியீடுகளையும் காட்டும்.

செருகுவது எவ்வளவு எளிதோ அவ்வளவு எளிது பிடுங்குவதும். சர்வீஸ் சென்டரில் ஸ்கேனர் போடக் கழற்றுவார்கள். திரும்பச் செருக மறப்பார்கள். பெரிய லாரிகளில் சாக்கெட்டின் வடிவமும் மின்னழுத்தமும் வேறாக இருக்கும்: காரில் 12 வோல்ட், லாரியில் 24 வோல்ட். காருக்கென்று விற்கும் பிளக்கை லாரிக்கு யோசிக்கவே வேண்டாம்.

## ஏ.ஐ.எஸ். 140 கருவி

ஏ.ஐ.எஸ். 140 என்பது வாகன இருப்பிடக் கருவிகளுக்கான இந்தியத் தரம். இது தேர்வு அல்ல, பலருக்குக் கட்டாயம். மத்திய மோட்டார் வாகன விதி 125எச்-இன்படி, 2019 ஜனவரி 1 முதல் பதிவாகும் பயணிகள் பொதுப் போக்குவரத்து வாகனங்களில் இந்தத் தரத்துக்கு ஏற்ற இருப்பிடக் கருவியும் அவசரப் பொத்தானும் இருக்க வேண்டும். இருசக்கர வாகனம், மூன்று சக்கர வாகனம், இ-ரிக்‌ஷா ஆகியவற்றுக்கு விலக்கு உண்டு. அதற்கு முன் பதிவான வாகனங்களுக்கு எப்போது என்பதை மாநில அரசுகள் தீர்மானிக்கலாம். ஆகவே பழைய வேன் வைத்திருப்பவர்கள் எஃப்.சி.க்கு (வண்டியின் தகுதிச் சான்றுக்கு) போகும் முன் தங்கள் ஆர்.டி.ஓ. அலுவலகத்திலேயே கேட்டுக்கொள்ள வேண்டும், விற்பவரின் வாய்ச்சொல்லை நம்ப வேண்டாம்.

தரம் கேட்பவை கடுமையானவை: கழற்ற முடியாதபடி உள்ளேயே பதிந்த சிம், வண்டி மின்சாரம் அறுந்தாலும் 4 மணி நேரம் இயங்கும் பேட்டரி, சிக்னல் இல்லாதபோது 40,000 பதிவுகளைச் சேமிக்கும் இடம், அரசு சர்வர் உட்பட ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களுக்குத் தகவல் அனுப்பும் திறன். இஸ்ரோவின் நாவிக் என்ற இடங்காட்டும் செயற்கைக்கோள்களின் சிக்னலையும் படிக்க வேண்டும். ஜி.பி.எஸ்.ஸும் வேறு அமைப்புகளும் கூடவே இருப்பதால், நாவிக் இருப்பது ஒரு லாரி ஓனருக்கு அன்றாடத்தில் பெரிய வேறுபாட்டைத் தராது. அந்த அமைப்பில் நாட்டுக்கு உள்ள நலன் வேறு கணக்கு.

விலை 5,000 ரூபாயிலிருந்து 10,000 ரூபாய்க்கு மேலும் போகிறது. மறைந்த செலவு புதுப்பித்தலில் இருக்கிறது. எஃப்.சி. நெருங்கும் வாரத்தில் ஓனருக்குப் பேரம் பேச நேரம் இருக்காது என்பது விற்பவருக்கு நன்றாகத் தெரியும். வாங்கும் நாளிலேயே இரண்டாம், மூன்றாம் ஆண்டுக் கட்டணத்தை பில்லில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கட்டாயம் இல்லாத சரக்கு வண்டிக்கு இதை வாங்குவது வீண் செலவு என்று சொல்லமாட்டேன்; பேட்டரியும் சேமிப்பும் உண்மையிலேயே நல்லவை. ஆனால் அதே பணத்தில் இரண்டு வண்டிக்கு ஒயர் டிராக்கர் போடலாம்.

## சொந்த சர்வர்

டிராக்கார் (Traccar) என்ற கட்டற்ற மென்பொருளை ஒரு வாடகை சர்வரில் நிறுவினால், யாருக்கும் சந்தா கட்டாமல் வண்டிகளைப் பார்க்கலாம். இருநூறுக்கும் மேற்பட்ட கருவி மொழிகளை அது புரிந்துகொள்ளும். சந்தையில் உள்ள மலிவுக் கருவிகள் பலவற்றுக்கு எஸ்.எம்.எஸ். கட்டளை ஒன்றில் சர்வர் முகவரியை மாற்றிவிடலாம், அதற்கான கடவுச்சொல்லை விற்றவர் பூட்டி வைக்காத வரை.

கணிப்பொறி தெரிந்த இளைஞர்கள் இதை "இலவசம்" என்கிறார்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். சந்தா வழியில், கருவி 2,200, பொருத்துக்கூலி 500, இரண்டாம் மூன்றாம் ஆண்டுச் சந்தா தலா 1,500 என்றால், மூன்று ஆண்டுக்கு ஒரு வண்டிக்கு 5,700 ரூபாய். சொந்த சர்வரில் கருவியும் கூலியும் 2,700. சர்வர் வாடகை மாதம் 500 வீதம் மூன்று ஆண்டுக்கு 18,000, பத்து வண்டிக்குப் பகிர்ந்தால் தலா 1,800. சாதாரண சிம் ரீசார்ஜ் மூன்று ஆண்டுக்கு 7,800. மொத்தம் 12,300. ஆண்டுக்கு 600 ரூபாயில் எம்2எம் சிம் கிடைத்தாலும் 6,300. பதினைந்து வண்டி இருந்தால் அது சந்தா வழிக்குச் சமமாகிறது, முப்பது வண்டி இருந்தால் 5,100-க்கு இறங்கி அதை முந்துகிறது. இதில் சர்வரைப் பார்த்துக்கொள்பவரின் சம்பளம் சேரவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு சர்வர் நின்றுவிட்டால் யார் எழுந்து பார்ப்பது என்ற கேள்விக்குப் பதிலும் இல்லை.

அப்படியானால் எதற்கு? பதிவுகள் நம் கையில் இருப்பதற்கு. எந்த வாடிக்கையாளருக்கு எந்த ஊரிலிருந்து எவ்வளவு நடை போகிறது என்பது ஒரு போக்குவரத்துத் தொழிலின் உயிர்நாடி. அது வேறொருவரின் கணிப்பொறியில் இருப்பதை விரும்பாதவர், பணத்தைப் பார்க்காமல் இதற்கு வரலாம்.

## காந்த டிராக்கரும் புளூடூத் டேக்கும்

இன்ஜினோ பேட்டரியோ இல்லாத டிரெய்லருக்கும், சைட்டில் மாதக்கணக்கில் நிற்கும் கம்ப்ரஸருக்கும் காந்தத்தால் ஒட்டும் பேட்டரி டிராக்கர் சரி. நாளுக்கு ஒன்றிரண்டு முறை மட்டும் தகவல் அனுப்பும்படி வைத்தால் பேட்டரி நெடுநாள் தாங்கும். நிமிடத்துக்கு ஒருமுறை வைத்தால் விரைவில் சார்ஜ் போட வேண்டிவரும்.

சாவிக்கொத்துக்குப் போடும் புளூடூத் டேக்கை லாரியில் ஒளித்துவைக்கலாமா என்றும் கேட்கிறார்கள். அதற்குச் சொந்த சிம் இல்லை. அருகில் செல்லும் கைபேசிகள் வழியாகத்தான் தகவல் போகும். மேலும், தெரியாத டேக் ஒன்று தன்னோடு பயணிப்பதை டிரைவரின் கைபேசியே அவருக்கு அறிவித்துவிடும்.

## ஒரே பார்வையில்

| வழி | மூன்று ஆண்டுச் செலவு, ஒரு வண்டிக்கு | சிக்னல் இல்லாதபோது | கழற்றுவது | மறைந்த செலவு |
|---|---|---|---|---|
| டோல் எஸ்.எம்.எஸ். | தனிச் செலவு இல்லை | அடுத்த சாவடி வரை தெரியாது | பொருந்தாது | ஊர்ச் சாலையில் குருடு |
| டிரைவர் கைபேசி | ஏறத்தாழ இல்லை | செயலியைப் பொறுத்தது | ஒரு தொடுதலில் நிற்கும் | ஓயாத போன் கால்கள், டிரைவரின் தனிவாழ்க்கையில் தலையீடு |
| ஒயர் டிராக்கர் | சுமார் 5,000–7,000 | பெரும்பாலானவை சேமித்து அனுப்பும் | பேனலைக் கழற்ற வேண்டும் | சிம் விற்பவர் பெயரில், தவறான இணைப்பு |
| ஓ.பி.டி. பிளக் | ஒயர் டிராக்கரை ஒட்டி | கருவியைப் பொறுத்தது | மிக எளிது | சர்வீஸில் மறப்பு |
| ஏ.ஐ.எஸ். 140 | 10,000-க்கு மேல் | 40,000 பதிவு சேமிப்பு | கடினம் | எஃப்.சி. நேரத்துப் புதுப்பிப்பு |
| சொந்த சர்வர் | 10 வண்டி இருந்தால் 6,300–12,300 | கருவியைப் பொறுத்தது | பேனலைக் கழற்ற வேண்டும் | சிம் ரீசார்ஜ், பராமரிப்பவர் |

ரூபாய்க் கணக்குகள் மேலே சொன்ன விலைகளை வைத்துப் போட்டவை. உங்கள் ஊர்க் கடைவிலையை வைத்து மாற்றிக்கொள்ளுங்கள்.

## டிரைவருக்கு வழி: இது தனிக் கணக்கு

வழிகாட்டலுக்குத் தனிக்கருவி வாங்கும் காலம் போய்விட்டது. கைபேசியும் அதை உறுதியாகப் பிடிக்கும் ஸ்டாண்டும் போதும். 2020 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்த விதித் திருத்தப்படி, ஓட்டும்போது கைபேசியை வழி பார்ப்பதற்கு மட்டும், கவனம் சிதறாதபடி பயன்படுத்தலாம். கையில் பிடித்துப் பேச அது அனுமதி அல்ல.

கூகுள் மேப்ஸில் காருக்கும் இருசக்கர வாகனத்துக்கும் பயணமுறை உண்டு. லாரிக்கென்று தனியாக இல்லை. நெரிசலைச் சொல்வதில் அது கெட்டி. ஆனால் லாரி டிரைவருக்கு அது சொல்வது காரின் வழி. உயரத் தடுப்புக் கம்பி போட்ட ரயில்வே சுரங்கப்பாதைக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினால், பதினான்கு சக்கர வண்டியைப் பின்னுக்கு எடுக்க ஊரே கூட வேண்டும். திம்பம் பாதையில் 2022 பிப்ரவரியிலிருந்து மாலை 6 மணி முதல் காலை 6 மணி வரை கனரக வாகனங்களுக்குத் தடை உள்ளது. பண்டிப்பூர் காட்டுச் சாலையில் இரவு 9 முதல் காலை 6 வரை தடை. இவற்றைத் திரை சொல்லும் என்று காத்திருக்கக் கூடாது; ஆபீஸிலிருந்தே சொல்லி அனுப்ப வேண்டும்.

இந்திய நிறுவனத்தின் மேப்பிள்ஸ் செயலியைப் பல டிரைவர்கள் இரண்டாவதாக வைத்திருக்கிறார்கள். இரண்டும் ஒரே வழியைச் சொன்னால் நிம்மதி. ஓஸ்மண்ட் என்ற செயலியில் வரைபடத்தை முன்பே இறக்கிக்கொண்டு இணையம் இல்லாமல் ஓட்டலாம். லாரியின் உயரத்தையும் எடையையும் கொடுத்துவைக்கும் வசதியும் உண்டு. ஆனால் சுரங்கப்பாதையின் உயரத்தை யாராவது வரைபடத்தில் பதிந்திருந்தால்தான் அது எச்சரிக்கும். நம் ஊர்களில் பலவற்றுக்கு இன்னும் பதியவில்லை. அந்த வழியில் ஏற்கெனவே ஓட்டிய ஒரு டிரைவரின் போன் எண் இன்னமும் எல்லாச் செயலிகளையும் விட மேலானது.

## யார் எதை எடுக்கலாம்

ஒன்றிரண்டு லாரி, பழகிய டிரைவர், நெடுஞ்சாலை நடை என்றால் டோல் எஸ்.எம்.எஸ்.ஸோடு நிற்கலாம்; களவு பயம் இருந்தால் மட்டும் ஒயர் டிராக்கர். மூன்று முதல் இருபது வண்டி வரை ஒயர் டிராக்கர், புதுவண்டிக்கு 4ஜி. திருச்செங்கோட்டிலிருந்து வடமாநிலங்களுக்கு மாதக்கணக்கில் போகும் போர்வெல் ரிக் வண்டிகளுக்கு, சேமித்து அனுப்பும் திறனும் பெரிய பேட்டரியும் உள்ள கருவியாகப் பார்க்க வேண்டும். அங்கே பழுதானால் மாற்ற ஆளனுப்பும் செலவு கருவியின் விலையைத் தாண்டிவிடும். பயணிகள் வேன், டாக்ஸி, பேருந்துக்கு ஏ.ஐ.எஸ். 140 போட்டுவிட்டு, அதன் மேல் இன்னொரு டிராக்கர் வாங்காமல், அதே கருவியின் தகவலைப் பார்க்கும் வசதியைக் கேட்டு வாங்க வேண்டும். முப்பது வண்டிக்கு மேல் இருந்து, ஆபீஸில் கணிப்பொறி தெரிந்த ஒருவரும் இருந்தால் சொந்த சர்வர்.

எதை வாங்கினாலும் பொருத்திய இடத்திலேயே, பணம் கொடுக்கும் முன், அரை மணி நேரம் செலவிடுங்கள். சாவியைப் போட்டு எடுத்து, திரையில் இக்னிஷன் ஆன், ஆஃப் மாறுகிறதா என்று பாருங்கள். பேட்டரி டெர்மினலைக் கழற்றி, பத்து நிமிடம் கழித்தும் கருவி பேசுகிறதா, உங்கள் கைபேசிக்கு எச்சரிக்கை வருகிறதா என்று பாருங்கள். சிம் எண்ணையும், அது யார் பெயரில் இருக்கிறது என்பதையும், சந்தா முடியும் தேதியையும் பில்லில் எழுதச் சொல்லுங்கள். கடைசியாக, மூடிய பேனலைத் திறக்கச் சொல்லி, ஆரஞ்சு ஒயர் எங்கே போகிறது என்பதை டிரைவரையும் பக்கத்தில் நிறுத்தி வைத்துக்கொண்டு ஒருமுறை பார்த்துவிடுங்கள்.